உண்ணிக் காய்ச்சல்: தமிழ்நாட்டில் நோயும் விழிப்புணர்வும்

உண்ணிக் காய்ச்சல் என்பது ஸ்கிரப் டைபஸ் என்னும் தொற்றுநோய்க்குத் தமிழ்நாட்டில் வழங்கிவரும் பெயர். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா இந்நோயை உண்டாக்குகிறது. புதர்களிலும் புல் மண்டிய இடங்களிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளவுயிரி கடிப்பதால் இது மனிதருக்கு வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் விலை குறைந்த மாத்திரைகளில் குணமாகிவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைப் பாதித்து உயிரைப் பறிக்கும். மருந்து எளிது, கண்டறிவது அரிது என்பதே இந்நோயின் சிக்கல். நோயாளியோ மருத்துவரோ "இது உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ?" என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்த எண்ணம் தமிழ்நாட்டில் எப்படி உருவாயிற்று, இடையில் எப்படி மறைந்தது, இன்னும் எங்கெல்லாம் சென்று சேர வேண்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் குழப்பமும்

தமிழில் "உண்ணி" என்றதும் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருக்கும் பூச்சியே நினைவுக்கு வரும். ஸ்கிரப் டைபஸைப் பரப்புவது அந்த உண்ணி அன்று. அதே இனக்குழுவைச் சேர்ந்த, ஆனால் மிகமிகச் சிறிய சிற்றுண்ணியே அதைப் பரப்புகிறது. உண்ணி, சிற்றுண்ணி, சிலந்தி, தேள் ஆகிய நான்கும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. வளர்ந்த நிலையில் எட்டுக் கால்கள் கொண்டவை.

இப்பெயர்க் குழப்பத்தால் ஒரு தீங்கும் விளைகிறது. காய்ச்சலோடு வருபவரிடம் "உண்ணி ஏதும் கடித்ததா?" என்று கேட்டால், அவர் வீட்டில் நாயோ மாடோ இல்லை என்றும், எதுவும் கடிக்கவில்லை என்றும் உறுதியாகச் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. கடித்த உயிரி அவர் கண்ணில் பட்டிருக்காது. கடித்தபோது வலித்தும் இருக்காது. ஆகவே "இல்லை" என்ற விடையை வைத்து இந்நோய் இல்லையென முடிவு செய்யக் கூடாது.

சிற்றுண்ணியின் வாழ்க்கை

தமிழ்நாட்டில் இந்நோயைப் பரப்பும் முக்கியமான சிற்றுண்ணியின் அறிவியற்பெயர் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்சி. இதன் வாழ்வில் முட்டை, இளவுயிரி, இளம்பருவம், முதிர்பருவம் எனப் பல நிலைகள் உண்டு. இளவுயிரி மட்டுமே விலங்குகளைக் கடிக்கும். முதிர்ந்தவை மண்ணிலேயே தங்கிச் சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். இளவுயிரியைச் சிக்கர் என்பர். ஆறு கால்களும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளமும் கொண்டது. கசகசா விதையின் அருகில் வைத்தாலும் இதுவே சிறியதாகத் தெரியும்.

சிக்கர் புல் நுனியிலோ சருகின் மேலோ ஏறி, கடந்து செல்லும் விலங்குக்காகக் காத்திருக்கும். எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவை அதன் இயல்பான இரை. தமிழ்நாட்டில் நடந்த களஆய்வுகளில் மூஞ்சூறுகளின் காதுகளில் இச்சிக்கர்கள் கூட்டங்கூட்டமாகக் காணப்பட்டுள்ளன. மனிதன் தற்செயலாக அந்த வழியில் குறுக்கிடுபவன். சிக்கர் இரத்தம் குடிப்பதில்லை. தோலில் உமிழ்நீரைச் செலுத்தித் திசுவைக் கரைத்து, அந்த நீரை இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டு மண்ணில் விழுந்துவிடும். அந்த உமிழ்நீர் வழியே பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது.

ஒரு சிக்கர் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறைதான் விலங்கைக் கடிக்கும். அப்படியானால் நோய் எவ்வாறு தொடர்கிறது என்ற கேள்வி எழும். தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் பாக்டீரியா சென்றுவிடுகிறது என்பதே விடை. கொசு ஒரு நோயாளியிடமிருந்து கிருமியைப் பெற்று மற்றவருக்குக் கொண்டுசெல்கிறது. சிற்றுண்ணிக்கு நோயாளி தேவையில்லை. அது பிறக்கும்போதே கிருமியைச் சுமந்து வரலாம். இதனால் நோய் சில இடங்களில் திட்டுத்திட்டாக நிலைத்துவிடுகிறது. ஒரு புதரில் பல சிக்கர்கள் இருக்க, நூறு அடி தள்ளியுள்ள புதரில் ஒன்றுகூட இல்லாமற் போகலாம்.

நோயின் போக்கு

கடித்து ஏறத்தாழ பத்து நாட்களில் திடீரென உயர்ந்த காய்ச்சல், கடுமையான தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றும். சிலருக்கு இருமல், வாந்தி, நெறிகட்டுதல், உடலில் சிவந்த தடிப்பு ஆகியவையும் வரும். இவை எல்லாக் காய்ச்சலுக்கும் பொதுவானவை. இந்நோய்க்கே உரிய அடையாளம் ஒன்றுண்டு. கடித்த இடத்தில் சிறு கொப்புளம் எழுந்து, உடைந்து, பீடி நெருப்பு பட்டது போன்ற கறுத்த பொருக்காக மாறும். மருத்துவர்கள் இதை எஸ்கார் என்பர்.

இப்பொருக்கு வலிக்காது, அரிக்காது. பெரும்பாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ், தொப்புள் ஓரம் என ஆடை மறைக்கும் மடிப்புகளில் இருக்கும். ஆகவே நோயாளிக்கே அது தெரிவதில்லை. கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில், திரையில்லாத அறையில், முழு உடலையும் பரிசோதிக்க வாய்ப்பும் அமைவதில்லை. பெண் நோயாளிகளுக்கு அது இன்னும் அரிது. ஈரமான மடிப்புகளில் பொருக்கு கறுக்காமல் மஞ்சள் நிறப் புண்ணாகவும் இருக்கும். எல்லா நோயாளிகளிடமும் இது காணப்படுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வெளியிட்ட நோயாளர் தொகுப்பு ஒன்றில் பாதிப்பேருக்குச் சற்று அதிகமானோரிடமே பொருக்கு இருந்தது. பொருக்கு இருந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. இல்லையென்றால் நோய் இல்லை என்று பொருளன்று.

முதல் வாரத்தில் உரிய மருந்து கிடைத்தால் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணியத் தொடங்கும். கிடைக்காவிட்டால் இரண்டாம் வாரத்தில் மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு, வலிப்பு ஆகிய சிக்கல்கள் தோன்றும். பாக்டீரியா மனித உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்வதாலும் அதன் மேலுறை அமைப்பு வேறுபட்டிருப்பதாலும், காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை பலிக்கும். ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களின் கதைக்குப் பின்னால் பல நேரம் இக்காரணம் இருக்கிறது.

ஜப்பானும் மலாயாவும்

இந்நோயைப் பற்றிய பழைய குறிப்புகள் சீனாவிலும் ஜப்பானிலும் உள்ளன. ஜப்பானின் நீகாதா, அகிதா, யமகாதா பகுதிகளில் ஆற்றுவெள்ளம் வடிந்த கரைகளில் பயிர் செய்த உழவர்களைக் கோடைதோறும் இந்நோய் வாட்டியது. தீங்கு, நோய் எனப் பொருள்படும் "சுட்சுகா" என்ற சொல்லும் பூச்சியைக் குறிக்கும் "முஷி" என்ற சொல்லும் சேர்ந்து நோயின் பெயராயிற்று. நம் நாட்டில் அம்மைக்கு மாரியம்மனை வணங்கியது போல, அந்த ஆற்றங்கரைகளில் சிற்றுண்ணிக்கும் சிறு வழிபாட்டிடங்கள் எழுந்தன. பூச்சியே காரணம் என்பதை அறிவியலுக்கு முன்பே அம்மக்கள் அறிந்திருந்தனர். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிருமியை அடையாளங்கண்டனர். நெடுங்காலம் ரிக்கெட்சியா இனத்தில் வைக்கப்பட்டிருந்த இக்கிருமி, 1995இல் ஓரியன்ஷியா என்ற தனிப் பேரினமாக்கப்பட்டது.

நோயின் இன்றைய ஆங்கிலப் பெயர் மலாயாவில் பிறந்தது. 1920களில் கோலாலம்பூரில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் ஆகிய மருத்துவ ஆய்வாளர்கள், அங்கு வரும் டைபஸ் காய்ச்சல் இருவகைப்பட்டது என்று கண்டனர். நகரத்துக் கடைகளில் வேலை செய்வோருக்கு வருவது ஒன்று; புதர்க்காட்டிலும் தோட்டங்களிலும் வேலை செய்வோருக்கு வருவது மற்றொன்று. இரண்டாவது வகைக்குப் புதரைக் குறிக்கும் "ஸ்கிரப்" என்ற அடைமொழி அமைந்தது.

இந்த வேறுபாட்டைக் கண்டறிய உதவியது ஒரு தற்செயல் நிகழ்வு. டைபஸைக் கண்டறிய அக்காலத்தில் வெயில்–ஃபெலிக்ஸ் சோதனை பயன்பட்டது. புரோட்டியஸ் என்னும் வேறொரு பாக்டீரியாவோடு நோயாளியின் குருதிநீரைக் கலந்து, அது திரள்கிறதா எனப் பார்ப்பது இதன் முறை. கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவந்த புரோட்டியஸ் வளர்ப்பு, மற்ற ஆய்வகங்களில் இருந்தவற்றிலிருந்து மாறுபட்டிருந்தது. நகரத்து நோயாளிகளின் குருதிநீர் வழக்கமான வளர்ப்போடு திரண்டது. புதர்க்காட்டு நோயாளிகளின் குருதிநீர் கிங்ஸ்பரி வளர்ப்போடு மட்டுமே திரண்டது. அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய "ஓஎக்ஸ்–கே" சோதனை இன்றும் தமிழ்நாட்டின் சிறிய ஆய்வகங்கள் சிலவற்றில் செய்யப்படுகிறது. நோயைத் தவறவிடும் வாய்ப்பு அதில் அதிகம் என்பதால் இப்போது எலைசா சோதனையே பரிந்துரைக்கப்படுகிறது.

இவ்வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. மலாயாவின் தோட்டங்களில் காட்டை வெட்டித் திருத்தியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து கப்பலேறிச் சென்ற கூலித் தொழிலாளர்கள். காட்டை அழித்த இடத்தில் புல்லும் புதரும் முளைக்கும், எலி பெருகும், எலியோடு சிற்றுண்ணியும் பெருகும். நிலத்தைத் திருத்தும் உழைப்பாளியே முதலில் நோய்க்கு ஆளாகிறான் என்ற உண்மை அத்தோட்டங்களில் வெளிப்பட்டது.

போரும் மருந்தும்

இரண்டாம் உலகப்போரில் அசாம்–பர்மா எல்லையிலும் பசிபிக் தீவுகளிலும் போரிட்ட படைகளை இந்நோய் பெரிதும் தாக்கியது. எதிருயிரி மருந்து இல்லாத காலம் அது. சில படைப்பிரிவுகளில் நோயுற்ற பத்துப் பேரில் மூவர் வரை இறந்தனர். சிற்றுண்ணியை விரட்டும் டைபியூட்டைல் தாலேட் என்னும் வேதிப்பொருளில் ஆடைகளைத் தோய்த்து அணிவது வீரர்களுக்குக் கட்டாயமாயிற்று. இக்கிருமியின் பெயர்பெற்ற வகைகளுள் ஒன்றான "கில்லியம்", 1943இல் அசாம்–பர்மா எல்லையில் நோயுற்ற ஒருவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கிருமிக்கு இத்தகைய வகைகள் பல இருப்பதும், ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பாற்றல் மற்றொன்றைத் தடுக்காமற் போவதும் இன்றுவரை தடுப்பூசி வராததற்குக் காரணங்கள்.

1948இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஸ்மாடெல் தலைமையிலான குழு கோலாலம்பூரில் குளோராம்பெனிக்கால் என்ற எதிருயிரியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சாவின் விளிம்பிலிருந்தவர்கள் ஓரிரு நாட்களில் எழுந்து உட்கார்ந்தனர். பின்னர் டெட்ராசைக்ளினும், 1960களில் அதிலிருந்து உருவான டாக்ஸிசைக்ளினும் வந்தன. நோய்க்கு மருந்து கிடைத்ததும் அதன்மேல் உலகத்துக்கு இருந்த கவனம் போய்விட்டது.

இந்தியாவில் மறதியும் மீள்வரவும்

இந்தியாவில் இவ்வகை நோய்களைப் பற்றிய தொடக்ககால எழுத்துகளுள் ஜான் மெகா என்னும் மருத்துவ அதிகாரியினுடையது குறிப்பிடத்தக்கது. குமாவுன் மலைப்பகுதியில் உண்ணி கடித்தபின் தமக்கு வந்த காய்ச்சலை அவர் ஆராய்ந்து, உண்ணி பரப்பும் டைபஸ் போன்ற காய்ச்சல் இந்தியாவில் இருக்கலாம் என்று 1921இல் எழுதினார். அது இன்று இந்திய உண்ணி டைபஸ் எனப்படுகிறது. ஸ்கிரப் டைபஸுக்கு உறவான நோய்.

போருக்குப் பின் இந்தியாவில் இந்நோய்கள் பாடநூலின் ஓரத்துக்குச் சென்றன. காய்ச்சல் என்றால் மலேரியா, டைபாய்டு, பின்னர் டெங்கு என்றே மருத்துவ மாணவர்கள் பழகினர். நோய் மறைந்துவிட்டதா, பார்ப்பவர் இல்லாமற் போனாரா என்பதை அக்காலப் பதிவுகளைக் கொண்டு சொல்ல இயலாது. சோதிக்காத நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த மறதியைக் கலைத்ததில் வேலூருக்கு முதன்மையான இடமுண்டு. 2001 அக்டோபர் முதல் 2002 பிப்ரவரி வரை காரணம் விளங்காத காய்ச்சலோடு வந்தவர்களை ஆராய்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், அவர்களிடையே ஸ்கிரப் டைபஸ் இருப்பதைக் கண்டறிந்து 2003இல் வெளியிட்டனர். எலிசபெத் மத்தாய் அக்குழுவில் முதன்மையானவர். குளிர்ந்த மாதங்களில் நோய் மிகுவதையும் அக்கட்டுரை சுட்டிக்காட்டியது. அதன்பின் புதுச்சேரியிலிருந்தும் சென்னையின் குழந்தை மருத்துவர்களிடமிருந்தும் அடுத்தடுத்துப் பதிவுகள் வந்தன. தேடத் தொடங்கிய இடமெல்லாம் நோய் அகப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்த ஒரு நிகழ்வும் அறியத்தக்கது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் மழைக்காலந்தோறும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மூளைக்காய்ச்சலால் இறந்துவந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பிறகும் இறப்பு நிற்கவில்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, அக்குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஸ்கிரப் டைபஸ் தொற்று இருந்தது தெரியவந்தது. காய்ச்சல் தொடங்கிய உடனேயே எளிய எதிருயிரி கொடுத்தால் மூளைக்காய்ச்சலாக முற்றுவதைத் தடுக்கலாம் என்ற அணுகுமுறை அதன்பின் அங்கே நடைமுறைக்கு வந்தது.

அண்மைக்கால ஆய்வுகள்

இந்நோய் பற்றிய இரண்டு முக்கியமான ஆய்வுகளில் தமிழ்நாடு முன்னிலை வகித்தது. முதலாவது, கடும் ஸ்கிரப் டைபஸுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதை ஒப்பிட்ட ஆய்வு. வேலூர் மருத்துவர்களின் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் இது நடத்தப்பட்டு, 2023இல் வெளியாயிற்று. நரம்புவழி டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்கும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் இறப்பு, தொடரும் உறுப்புப் பாதிப்பு, தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 33 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் இறப்பை மட்டும் தனியே பார்த்தால் மூன்று பிரிவுகளுக்கிடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நோய் முற்றியபின் சிறந்த மருந்துக்கும் எல்லை உண்டு என்பதையே இது காட்டுகிறது.

இரண்டாவது ஆய்வு மருத்துவமனைக்கு வெளியே நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டனைச் சேர்ந்த நலவாழ்வுக் கல்வி நிறுவனமும் இணைந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்ட மக்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தன. 2025இல் வெளியான முடிவுகளின்படி, அக்கிராமங்களில் ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகின்றனர். பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை, சிலருக்கு வருகிறது, அவர்களில் சிலருக்கு முற்றுகிறது. அபூர்வமான காட்டு நோய் என்று கருதப்பட்டது வாசலுக்கு அடுத்த வயலிலேயே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் ஏறத்தாழ ஐப்பசி முதல் தை வரை இந்நோய் மிகுகிறது. மழைக்குப் பின் புல் தழைக்கும் காலம் அது. டெங்கு பரவும் காலமும் அதுவே. இரண்டிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையலாம். டெங்கு சோதனையில் நோய் இல்லை என்று வந்ததும் "வைரஸ் காய்ச்சல், தானே போய்விடும்" என்று ஓய்ந்துவிடுவது இக்காலத்தில் நேரும் பொதுவான பிழை.

இருங்காட்டுக்கோட்டையும் தொழிற்பகுதியும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை உள்ளது. ஊர்ப்பெயருக்குள்ளேயே காடு இருக்கிறது. ஏரிப்பாசன ஊர்கள் நிறைந்திருந்த இப்பகுதியில் 1990களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1998இல் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் திருப்பெரும்புதூர், ஒரகடம் வரை கார், கைப்பேசி, கண்ணாடி, உதிரிபாக ஆலைகள் வரிசையாக வந்தன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கின்றனர்.

தொழிற்பேட்டை என்றால் கான்கிரீட் தரையும் இயந்திரமும் மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் ஆலைக்கும் ஆலைக்கும் இடையே ஒதுக்கப்பட்டுக் கட்டப்படாத மனைகள், பயிர் நின்றுபோன வயல்கள், சீமைக்கருவேலம் மண்டிய ஏரிக்கரைகள், மழைநீர்க் கால்வாய்கள், கட்டுமானக் குப்பைமேடுகள் ஆகியவையும் உள்ளன. அடர்ந்த காட்டையும் ஒழுங்காக உழும் வயலையும்விட, இரண்டுக்கும் இடைப்பட்ட இத்தகைய நிலமே சிற்றுண்ணிக்கு ஏற்றது. திருத்தி விட்டுவிட்ட நிலத்தில் புதர் முளைக்கிறது; உணவுக்கழிவு எலியையும் மூஞ்சூறையும் அழைக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மலாயாவின் தோட்டங்களில் அமைந்த சூழலுக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு.

இங்கே புதரோடு தொடர்புடையவர்கள் பொறியாளர்கள் அல்லர். புல் வெட்டும் ஒப்பந்தத் தொழிலாளர், சுற்றுச்சுவர் ஓரம் காவல் காப்போர், புதிய மனையைச் சமன் செய்வோர், குழாய் பதிப்போர், கழிப்பறை இல்லாத தகரக்கொட்டகைகளில் தங்கி வெளியிடத்துக்குச் செல்வோர், ஏரிக்கரையில் ஆடுமாடு மேய்க்கும் உள்ளூர் மக்கள், காலி மனையில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள் ஆகியோரே நேரடியாகப் புதருக்குள் செல்பவர்கள்.

இவர்களில் தினக்கூலி பெறுபவருக்கு ஒருநாள் காய்ச்சல் என்றால் ஒருநாள் கூலி போயிற்று. முதலில் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை, மறுநாள் ஓர் ஊசி, மூன்றாம் நாள் மீண்டும் வேலை என்று ஒரு வாரம் கழிந்துவிடும். மருந்து முழுமையாகப் பலிக்கும் வாரம் அதுதான். வெளிமாநிலத் தொழிலாளருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கடித்து நோய் வெளிப்படுவதற்குள் பத்து நாட்கள் ஆகின்றன. அதற்குள் அவர் விடுப்பில் ரயிலேறிச் சொந்த ஊர் சென்றிருக்கலாம். அங்குள்ள மருத்துவரிடம் "நான் புதர் வெட்டும் வேலை செய்தேன்" என்று சொல்ல வேண்டும் என அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால்தான் அது பயன்படும். எனவே இப்பகுதிக்கான விழிப்புணர்வுச் செய்தி தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம் ஆகிய மொழிகளிலும் இருப்பது தேவையாகிறது.

லைம் நோய் தரும் பாடம்

பூச்சிக்கடி நோய் ஒன்றைப் பொதுமக்களே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த வரலாறு அமெரிக்காவில் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரிலும் அதன் அண்டை ஊர்களிலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. போலி மர்ரே, ஜூடித் மென்ஷ் என்ற இரு தாய்மார் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பட்டியலிட்டு, 1975இல் மாநில நலத்துறைக்குத் தெரிவித்தனர். ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் ஆராய்ந்து 51 நோயாளிகளைக் கண்டறிந்தார். அவர்களில் 39 பேர் குழந்தைகள். 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர், மான் உண்ணி என்னும் உண்ணியின் குடலில் நோய்க்கிருமியைக் கண்டார். அக்கிருமிக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடப் புல்வெளியில் விளையாடியபின் உடலைச் சோதித்துப் பார்க்கத் தெரியும். மான் உண்ணி கசகசா அளவே ஆனாலும் தேடினால் கண்ணில் படும். கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு வளையமும் தெரியும்.

தென்னிந்தியாவிலும் மெய்யான உண்ணி பரப்பும் நோய் ஒன்று இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோர மக்களுக்கும் காய்ச்சல் கண்டது. புணேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையம் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தது. குரங்குக் காய்ச்சல் எனப்படும் அந்நோய் 2012க்குப் பின் பந்திப்பூர், வயநாடு, நீலகிரிக் காடுகளின் பக்கமும் அறியப்பட்டது. குரங்கு இறப்பதே எச்சரிக்கை மணி என்பதால் அங்குள்ள மக்கள் விழித்துக்கொள்கின்றனர்.

ஸ்கிரப் டைபஸுக்கு இத்தகைய மணியோசை எதுவும் இல்லை. குரங்கு சாவதில்லை, மூஞ்சூறு நோயுறுவதாகத் தெரிவதில்லை, சிக்கர் கண்ணில் படுவதில்லை, பொருக்கு வலிப்பதில்லை. நோயாளிகளும் ஓர் ஊரில் கூட்டமாக அன்றி ஆங்கொருவர் ஈங்கொருவராகவே விழுகின்றனர். லைம் ஊர்த் தாய்மார் போலப் பட்டியலிட்டுக் கேட்பதற்கு ஆளில்லாத கூலித் தொழிலாளரும் உழவரும் அவர்களில் பெரும்பாலோர். ஆகவே அந்த மணியை நலத்துறையும், பள்ளியும், ஆலையின் பாதுகாப்புப் பிரிவும், ஊராட்சியுமே அடிக்க வேண்டியுள்ளது.

தடுப்பும் விழிப்புணர்வும்

தடுப்பூசி இல்லாத நிலையில் பின்வரும் பழக்கங்கள் பயன் தரும்.

புதரிலும் உயரமான புல்லிலும் வேலை செய்வோர் முழுக்கைச் சட்டையும் நீளமான கால்சட்டையும் அணிந்து, கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். புல்தரையில் நேரே உட்காருவதையும் படுப்பதையும், கழற்றிய சட்டையைப் புதர்மேல் போடுவதையும் தவிர்க்க வேண்டும்; துணி காயப்போடக் கொடியே நல்லது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து, ஆடையை மாற்றி, அழுக்குத் துணியை உடனே துவைப்பது எளிய காப்பு. குடியிருப்பையும் தொழிலாளர் விடுதியையும் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டி, உணவுக்கழிவை மூடி வைத்தால் எலியும் மூஞ்சூறும் குறையும். நாயையும் மாட்டையும் விரட்டுவதால் இந்நோய் குறையாது.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் இரண்டு செய்திகளைத் தாமாகவே சொல்ல வேண்டும். கடந்த இரண்டு மூன்று வாரங்களில் புதர், வயல், ஏரிக்கரை, காலி மனை ஆகியவற்றில் வேலை செய்ததோ நடந்ததோ உண்டா என்பது ஒன்று. உடலில் எங்கேனும் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்பது மற்றொன்று. குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் தாய் பார்க்கலாம். கருவுற்ற பெண்களுக்கு மருந்து வேறாகும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் எந்த எதிருயிரியையும் வாங்கி விழுங்கக் கூடாது. சோதனை முடிவு வரத் தாமதமானால், ஐயத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்க மருத்துவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடமளிக்கிறது.

இந்நோயின் நெடிய வரலாற்றில் கிருமி, பூச்சி, மருந்து ஆகிய மூன்றும் முன்பே கண்டறியப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பது இச்செய்தி உரியவரின் காதுக்குச் செல்வது மட்டுமே. ஆலை வாயிலில் தலைக்கவசம் அணியச் சொல்லும் பலகைக்கு அருகே, கறுத்த பொருக்கின் படத்தோடு இன்னொரு பலகை வைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. புல் வெட்டிவிட்டு வெளியே வரும் தொழிலாளி அதைப் பார்த்து, ஒரு வாரம் கழித்துத் தன் இடுப்பில் அதே அடையாளத்தைக் கண்டு மருத்துவரிடம் காட்டினால், அப்பலகை ஓர் உயிரைக் காத்ததாகும்.